வானம் ஒரு குடும்பப் பாடம்



நான் எழுத்தாளன் அல்லன். கிள்ளானில் பலசரக்குக் கடை வைத்துப் பிழைப்பவன். மதரஸாவில் ஓதியதும் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை வாசித்ததுமே என் படிப்பு. நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் கடைக்குச் சீனி வாங்க வந்தபோது, "உங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் மாடியில் நின்று வானம் பார்க்கிறீர்களாமே, அதை ஒரு பாடமாக எழுதிக் கொடுங்கள்" என்றார். படித்தவர் எழுத வேண்டிய விஷயத்தைப் படிக்காதவன் எழுதலாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். பிறகு, படிக்காதவனுக்கு இது எப்படிப் பிடிபட்டது என்பதைச் சொன்னாலே என் போன்ற சிலருக்குப் பயன்படும் என்று துணிந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதுவது வானசாஸ்திரம், ஜோசியம் அன்று. நாங்கள் நட்சத்திரம் பார்க்கிறோம் என்று கேள்விப்பட்டு, "என் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும்?" என்று கேட்டு வந்த வாடிக்கையாளரும் உண்டு. அவருக்கு அரைக் கிலோ பருப்பு நிறுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

எங்கள் கடைக்கு மேலே இரண்டு தட்டு வீடு, அதற்கு மேல் மொட்டை மாடி. 2020-ம் வருஷம் நோய்த் தொற்றினால் நாடெங்கும் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது நினைவிருக்கும். மளிகைக் கடைகளும் இரவு எட்டு மணிக்கு அடைத்துவிட வேண்டும் என்று உத்தரவு. கடை வைத்த நாளிலிருந்து பத்தரைக்கு முன் கதவைச் சாத்தியறியாத எனக்கு, அந்த இரண்டரை மணி நேரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. பிள்ளைகளோடு மாடிக்குப் போனேன். மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது, மகளுக்கு ஒன்பது. சாலையில் வண்டி இல்லை, புகை இல்லை. மேற்கே ஒரு வெளிச்சம் விளக்குப் போல நின்றது.

"ஆகாயக் கப்பலா அத்தா?" என்று மகள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. என் அத்தா சாய்வு நாற்காலியில் இருந்தபடியே, "அது வெள்ளிடா. மேற்கே நின்னா அந்தி வெள்ளி, கெழக்கே வந்தா விடிவெள்ளி. ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

அன்று ஏப்ரல் 3-ந் தேதி. அன்றைக்கு வெள்ளி, கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கு உள்ளேயே நின்றது என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. வெள்ளி எட்டு வருஷத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே தேதியில் வானத்தில் அதே இடத்துக்கு வந்து நிற்கிறது. 2012-ல் அங்கே நின்றது. 2028 ஏப்ரலில் மறுபடியும் நிற்கும். எட்டு வருஷம் தவணை தவறாமல் வரும் கடன்காரர் யாரும் என் கணக்குப் புத்தகத்தில் இல்லை.

அத்தாவுக்கு இது எப்படித் தெரியும் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். எழுத்து வாசனை மிகவும் குறைந்தவர். ராமநாதபுரக் கரையில் பிறந்து, 1964-ல் தம்முடைய பத்தொன்பதாம் வயதில் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் இறங்கியவர். (அந்தத் துறைமுகந்தான் 1972 முதல் போர்ட் கிள்ளான்.) அவருடைய தகப்பனார் இலங்கைக்குத் தோணி ஓட்டியவர். நாற்பது வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் நான் இதையெல்லாம் அவரிடம் கேட்டதில்லை. பேரப்பிள்ளைகள் கேட்டார்கள், சொன்னார்.

அவர் சொன்னதில் முதல் பாடம் இது. கையை முழுதாக நீட்டி விரல்களை மூடுங்கள். அந்த முஷ்டியின் அகலம் வானத்தில் சுமார் பத்துப் பாகையை மறைக்கும். ஒரு விரல் சுமார் ஒன்றரை, இரண்டு பாகை. ஊரில் சிறுவராக இருந்தபோது வடக்கே கடலுக்கு மேலே ஒரு முஷ்டி உயரத்தில் துருவ நட்சத்திரம் நிற்குமாம். ராஜுலாவில் வருகிறபோது மேல்தட்டில் படுத்துக்கொண்டு இரவுதோறும் அளந்து பார்த்தாராம். அது இறங்கிக்கொண்டே வந்தது. பினாங்கை நெருங்கும்போது அரை முஷ்டி. இங்கே வந்து இறங்கியபின் காணவே இல்லை. "ஊரு போயிடுச்சுன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சிச்சு" என்றார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை.

மகன் பள்ளிப் புத்தகத்தைக் கொண்டுவந்து கணக்குப் பார்த்தான். துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறதோ அதுவே ஏறக்குறைய நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. ராமநாதபுரம் ஒன்பது பாகைக்கும் சற்று அதிகம்: ஒரு முஷ்டி. பினாங்கு ஐந்தரைப் பாகை: அரை முஷ்டி. கிள்ளான் மூன்று பாகை: இரண்டு விரல். அந்த இரண்டு விரல் உயரத்தை இங்கே கட்டடமும் மூட்டமும் மறைத்துவிடுகின்றன. கிழவர் கையால் அளந்ததும் பையன் புத்தகத்தில் பார்த்ததும் ஒரு பாகைகூடப் பிசகவில்லை.

இந்த விரல் அளவு சாமான்யமானதன்று. அரபிக் கடலோடிகள் அதை இஸ்பஃ என்றார்கள். இஸ்பஃ என்றால் விரல். முடிச்சுப் போட்ட கயிறு கோத்த சிறு பலகையைக் கண்ணுக்கு நேரே பிடித்து நட்சத்திரத்தின் உயரத்தை அளந்தார்கள். அந்தப் பலகைக்குக் கமால் என்று பெயர். தமிழ்க்கரை மாலுமிகளிடம் இருந்த அதே இனத்துக் கருவிக்கு ராப்பலகை என்று பெயர். இப்னு மாஜித் என்ற பெரிய மாலுமி 1490-ஐ ஒட்டி எழுதிய கடல்நூலில் துறைமுகங்களின் நிலையை இப்படி விரல் கணக்கில்தான் தருகிறார்.

நிற்க. இனி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கட்டுப்பாடு நீங்கிக் கடை பழைய நேரத்துக்குத் திரும்பியபின் எனக்கு மாடி மறந்துபோயிற்று. மகனுக்கு மறக்கவில்லை. 2024 ஜனவரியில் ஒருநாள் விடியற்காலை ஆறு மணிக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றிய லோரி வந்து நின்றது. இறக்க உதவுகிறேன் என்று சொன்ன பையன் எழுந்து வரவில்லை. இரவு மூன்று மணி வரை மாடியில் இருந்திருக்கிறான். மூட்டைகளை நான் ஒருவனே இறக்கினேன். முதுகுப் பிடிப்போடு மேலே போய், அவன் மேசையில் இருந்த நட்சத்திரப் படத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தேன். அவன் அழவில்லை. "அத்தாவுக்கு இதில் என்ன தெரியும்? எல்லாம் இங்கிலீஷ்" என்று மட்டும் சொன்னான்.

அது எனக்குப் பட்டது. ஏனெனில் அது உண்மை.

அன்றிரவு கல்லாவை எண்ணி முடித்தபின், பொட்டலம் ஒட்டும் நாடாவை எடுத்துப் படத்தை ஒட்ட உட்கார்ந்தேன். கிழிசல் ஒட்டுவதற்கு இரண்டு பக்கத்து எழுத்தும் சேருகிறதா என்று பார்க்க வேண்டுமல்லவா? எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'ரிகெல்' என்று ஒரு பெயர். பக்கத்தில் இருந்த மகளிடம், "இது என்ன கண்ணு?" என்றேன். "அது வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டம் அத்தா. ரிகெல் அவனுடைய கால்" என்றாள்.

கால்! உளூவின் சட்டம் ஓதிய எந்தப் பிள்ளைக்கும் தெரியுமே, அரபியில் ரிஜ்ல் என்றால் கால். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த பெயரைக் கூட்டினேன்: 'டெனெப்'. தனப் என்றால் வால். அன்னப்பறவை வடிவத்தின் வாலில் இருக்கிற நட்சத்திரம் அது. 'ஆல்டேர்': அத்தாயிர், பறப்பது. 'ஃபோமல்ஹாட்': ஃபமுல் ஹூத், மீனின் வாய், படத்திலும் மீனின் வாயில்தான் இருக்கிறது. 'ஆல்டெபரன்': அத்தபரான், பின்தொடர்வது. எதைப் பின்தொடர்கிறது? துரய்யா என்னும் கூட்டத்தை. துரய்யாதான் நம் வீட்டுப் பெண்களுக்கு வைக்கிற சுரையா. அதையே தமிழில் கார்த்திகை என்கிறோம். கார்த்திகைக்கு அடுத்து வருவது ரோகிணி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த ரோகிணியே அத்தபரான். தமிழன் வரிசை வைத்துச் சொன்னதை அரபி பெயரிலேயே வைத்துவிட்டார்.

பையனை எழுப்பினேன். மாடிக்கு அழைத்துப் போய் ஒவ்வொரு பெயருக்கும் அர்த்தம் சொன்னேன். அவன் எனக்கு இடம் காட்டினான். தென்திசையில் தாழ்வாக நின்ற ஒரு பெரிய நட்சத்திரத்தைக் காட்டி, "இதற்கு இங்கிலீஷில் கனோபஸ். அரபியில் என்ன அத்தா?" என்றான். அது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் ஹஜ்ரத் ஒருவரிடம் கேட்டேன். சுஹைல் என்றார். என் மைத்துனர் மகனின் பெயர். பிறந்த நாளிலிருந்து ஒரு நட்சத்திரத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், தெரியாமலே.

இந்தப் பெயர்கள் ஐரோப்பாவுக்குப் போனது புத்தகங்கள் மூலமாக. பாரசீகத்தைச் சேர்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்ற அறிஞர் சுமார் 964-ல் நிலையான நட்சத்திரங்களைப் பற்றி ஒரு நூல் செய்தார். ஒவ்வொரு நட்சத்திரத்தின் இடம், பிரகாசம், அரபிகள் வழங்கிய பெயர் எல்லாம் அதில் உண்டு. ஆந்திரோமீடா பக்கத்தில் ஒரு 'சின்ன மேகம்' இருப்பதாக அவர் குறித்தார். அது மேகமன்று, நம் பால்வீதியைப் போல இன்னொரு நட்சத்திர மண்டலம் என்று உலகம் தெளிந்தது 1920-களில்தான். வெறும் கண்ணால் பார்த்து ஒழுங்காகக் குறித்து வைத்த சரக்கு, ஆயிரம் வருஷம் கழித்தும் விலை போகிறது.

குடும்பமாக வானம் பார்ப்பவர்களில் நான் மிகவும் மதிக்கிறவர்கள் பாப்பு என்ற தகப்பனும் மகனும். தலைச்சேரியிலிருந்து வந்த குடும்பம். தகப்பனார் ஹைதராபாத்தில் நிஜாமியா வானாய்வு நிலையத்தில் உத்தியோகம் பார்த்தவர். அந்த நிலையத்தின் கதையே சுவையானது. ஜஃபர் ஜங் என்ற ஹைதராபாத் பிரபு, தம் சொந்த ஆசையில், 1901-ஐ ஒட்டி, 15 அங்குல வாயுள்ள பெரிய தொலைநோக்கி ஒன்றைச் சீமையிலிருந்து வரவழைத்தார். 1907-ல் அவர் காலமான பிறகு நிஜாம் அரசாங்கம் அதை ஏற்று நடத்தியது. பிற்பாடு அது உஸ்மானியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. அங்கே வேலை பார்த்த தகப்பனின் ஒரே பிள்ளைதான் வேணு பாப்பு. 1927 ஆகஸ்டு 10-ந் தேதி சென்னையில் பிறந்தவர். ஹைதராபாத்தில் கல்லூரி மாணவராக இருக்கும்போதே, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைப் பற்றி விஞ்ஞானப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார்.

ஹைதராபாத் அரசின் உதவிப் பணத்தில் 1949-ல் அமெரிக்காவில் ஹார்வர்டுக்குப் படிக்கப் போனார். போன சில மாதங்களிலேயே, ஜூலை 2-ந் தேதி எடுத்த ஒளிப்படத் தகட்டைப் பரிசோதிக்கையில், அதுவரை யாரும் அறியாத வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். ஆசிரியர் போக், சகமாணவர் நியூகிர்க் ஆகிய இருவர் பெயரும் சேர்ந்து அது இன்றும் 'பாப்பு-போக்-நியூகிர்க் வால்நட்சத்திரம்' என்றே வழங்குகிறது. படிப்பு முடிந்ததும் அங்கேயே தங்கியிருக்கலாம். திரும்பி வந்தார். 1960-ல் கோடைக்கானல் நிலையத்தின் இயக்குநரானார். நல்ல இருட்டும் தெளிந்த வானமும் உள்ள இடம் தேடி, கடைசியில் ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். வாணியம்பாடிக்கு அருகே, நம்மவர் தோல் வியாபாரம் செய்கிற அந்த வட்டாரத்துக்கு மேலே இருக்கிற மலைதான். 1968-ல் அங்கே 15 அங்குல அளவுள்ள, நம் நாட்டிலேயே செய்த சிறு தொலைநோக்கி ஒன்று வேலை செய்யத் தொடங்கியது. 1972-ல் 40 அங்குலம் ஒன்று வந்தது. 1977-ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் இருப்பது வெளிப்பட்ட இரவில், உலகத்தில் அதைக் கவனித்த இடங்களில் காவலூரும் ஒன்று.

1979-ல் உலக வானியல் சங்கத்துக்கே அவர் தலைவரானார். 93 அங்குல வாயுள்ள பெரிய தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்று பாடுபட்டார். முடிவதற்குள், 1982 ஆகஸ்டு 19-ந் தேதி ஜெர்மனியில் காலமாகிவிட்டார். 1986 ஜனவரி 6-ந் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்துவைத்து அவருடைய பெயரையே சூட்டினார்.

2024 டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது மகனை அங்கே அழைத்துப் போனேன். மழைக்காலம், மலையெல்லாம் மேகம், கண்ணாடி வழியாக ஒன்றும் பார்க்கக் கிடைக்கவில்லை. வெள்ளைக் கும்மட்டத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். "இவருடைய அத்தா இவரைக் கடைக்குக் கூப்பிடவில்லை போலிருக்கிறது" என்றான் பையன், சிரித்துக்கொண்டே. நானும் சிரித்தேன். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அதுவே மனத்தில் ஓடியது. அவருடைய தகப்பனாரின் கடை வானந்தானே! என் கடையில் இருப்பது அரிசி. பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்க வேண்டும் என்கிறான். கடையை அப்புறம் யார் பார்ப்பது? இந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. தீர்ந்ததும் எழுதுகிறேன்.

இப்போது சாமான் வாங்குகிற விஷயத்துக்கு வருவோம். வியாபாரி ஏமாந்த கதை, வெளியில் சொல்ல வெட்கந்தான். 2021-ல் பிள்ளைகளுக்கென்று ஒரு கடையில் 189 வெள்ளி கொடுத்துத் தொலைநோக்கி வாங்கினேன். பெட்டியின் மேல் வளையத்தோடு சனிக் கிரகத்தின் படம். '525 மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று கொட்டை எழுத்து. வீட்டில் வைத்துப் பார்த்தால் மூக்கால் மூச்சு விட்டாலே கால் ஆடுகிறது. நிலா தண்ணீரில் விழுந்த இட்லி போலத் தெரிந்தது.

மடங்கு என்பது வெறும் லேபில். கருவியின் வாய் எத்தனை அகலம் என்றுதான் கேட்க வேண்டும். மழைக்குப் பாத்திரம் வைக்கிறோம். குவளையில் விழுவதைவிடத் தாம்பாளத்தில் அதிகம் விழும். ஒளியும் அப்படித்தான். வாய் இரண்டு மடங்கு அகலமானால் சேரும் ஒளி நான்கு மடங்கு. இருட்டில் நம் கண்மணி ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். 50 மில்லிமீட்டர் வாயுள்ள இருகண் நோக்கி அதைவிட ஐம்பது மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. காவலூர்க் கண்ணாடி லட்சம் மடங்குக்கும் மேல். வாய் எத்தனை மில்லிமீட்டரோ, அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் பிம்பம் கலங்கிப் போகும். என்னுடையது 60 மில்லிமீட்டர். ஆகவே 120-க்கு மேல் சொன்னதெல்லாம் எடைக்கல்லில் ஈயம் குடைந்த கணக்குத்தான்.

பிறகு 120 வெள்ளிக்குப் பழைய இருகண் நோக்கி ஒன்று வாங்கினோம். அதில் 7, 50 என்று போட்டிருக்கும். ஏழு மடங்கு, ஐம்பது மில்லிமீட்டர் வாய். முதல் வாங்குதலுக்கு அதுவே போதும். நிலாவின் பள்ளங்கள் தெரியும். கார்த்திகையில் வெறும் கண்ணுக்கு ஆறு. இதில் பல பத்து. முழங்கையைக் கட்டைச்சுவரில் ஊன்றிக்கொண்டு வியாழனைப் பார்த்தால் பக்கத்தில் நான்கு புள்ளிகள் வரிசையாக நிற்கும். கலீலியோ 1610 ஜனவரியில் கண்ட வியாழனின் நான்கு நிலாக்கள் அவைதாம். என் மகள் கடன் நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இரவும் புள்ளிகளைக் குறித்தாள். வியாழனுக்கு மிக அருகில் உள்ளது இரண்டு நாளுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. தூரத்தில் உள்ளதற்குப் பதினேழு நாள் ஆகிறது. மூன்று வாரத்தில் எது எது என்று பிரித்துச் சொல்லிவிட்டாள். அந்த நோட்டின் மறுபக்கத்தில் கணக்குத் தீர்க்க வந்தவர், "இதென்ன முதலாளி, என் பெயருக்குக் கீழே புள்ளி வைத்திருக்கிறீர்கள்?" என்று பயந்துவிட்டார்.

எந்தக் கண்ணாடியாலும் சூரியனைப் பார்க்கக் கூடாது. ஒரு கணம் போதும், பார்வை போய்விடும். கிரகணமானால் சமையற்கட்டுச் சல்லடையை வெயிலில் பிடித்துத் தரையைப் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு குட்டிப் பிறை விழும்.

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் தம்பி, "எங்கள் பக்கம் கட்டட வெளிச்சத்தில் வானமே இல்லை" என்பார். நிலாவுக்கும் வெள்ளிக்கும் வியாழனுக்கும் எந்த வெளிச்சமும் தடையில்லை. அவருடைய பிள்ளைகள் அடுக்குவீட்டு நடையில் நின்றே அவற்றைப் பார்க்கிறார்கள். மற்றதற்கு ஏரித் தோட்டத்துப் பக்கம் உள்ள தேசியக் கோளரங்கம் இருக்கிறது, 1994-ல் ஏற்பட்டது. கிள்ளானிலிருந்து ரயிலேறிக் குடும்பத்தோடு ஒருநாள் போய்வந்தோம். பூமத்தியரேகைக்கு அருகே இருப்பதால் நமக்கு ஒரு லாபமும் உண்டு. வடவானம், தென்வானம் இரண்டுமே ஏறக்குறைய முழுதாகக் கிடைக்கின்றன. பிப்ரவரி இரவில் வேட்டைக்காரன் நேர் உச்சியில் நிற்பான்; மே மாதத்தில் தெற்கே சிலுவை வடிவில் நான்கு நட்சத்திரம். நஷ்டம் என்னவென்றால் மேகமும், சில வருஷங்களில் சுமாத்ராவிலிருந்து வரும் புகைமூட்டமும்.

கடைசியாக, எங்கள் வீட்டில் நடந்த ஒன்று.

மக்கா நகரம் 21 பாகை 25 கலை வட அட்சத்தில் இருக்கிறது. சூரியன் வடக்கே 23 பாகை 26 கலை வரை போய்த் திரும்புவதால், போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையும் கஃபாவுக்கு நேர் உச்சியில் நிற்கும். மே 28-ஐயும் ஜூலை 16-ஐயும் ஒட்டி இது நடக்கிறது. அப்போது அங்கே நண்பகல், நமக்கு மாலை. மே மாதத்தில் ஐந்தேகாலைத் தாண்டிச் சில நிமிடம், ஜூலையில் ஐந்தரைக்குச் சில நிமிடம் முன்பு. அந்த நேரத்தில் உலகத்தில் எங்கிருந்து சூரியனைப் பார்த்தாலும் அது கஃபாவின் திசை. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் அது மேற்கிலிருந்து வடக்கே சுமார் 22½ பாகை. செங்குத்தாக ஒரு கோல் நட்டால் நிழல் கோலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம் விழும். நிழலின் நுனியிலிருந்து கோலின் அடியை நோக்கிக் கோடு போட்டால் அதுவே கிப்லா. (இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்லாமல் ஒன்றேகாலை ஒட்டி ஏன் என்று சிலர் கேட்பார்கள். 1982 புத்தாண்டில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளி வைத்தார்கள். சூரியனை யாரும் தள்ளவில்லை.)

எங்கள் கடைக்குப் பின்னால் சரக்கு அறை. அதில் ஒரு மூலையில் அத்தா 1988-ல் தொழுகை விரிப்புக்கு இடம் குறித்து, சிமெண்டில் கோடு கீறி வைத்தார். அதற்காகவே ஒரு திசைகாட்டி வாங்கிவந்து பார்த்துக் குறித்தது. நானும் என் பிள்ளைகளும் கடைச் சிப்பந்திகளும் அதில்தான் தொழுதுவந்தோம்.

2025 மே 28-ந் தேதி பையன் நிழல் பார்க்க ஏற்பாடு செய்தான். மேகம். ஜூலை 16-ந் தேதிக்குக் காத்திருந்தோம். அன்று மாலை பளிச்சென்று வெயில். பின்கதவு நிலையில் ஒரு நூலைக் கட்டி, பழைய ஒரு கட்டி எடைக்கல்லைத் தொங்கவிட்டான். தொங்கும் நூலைவிடச் செங்குத்து வேறு இல்லை. வெயில் கதவு வழியாக நேரே உள்ளே வந்து, நூலின் நிழல் சரக்கு அறைத் தரையில் நீளமாக விழுந்தது. மகள் கையில் சுண்ணாம்புக் கட்டி. பையன் கடிகாரத்தைப் பார்த்து, "இப்போது" என்றான். அவள் கோடு போட்டாள்.

அந்தக் கோடு அத்தாவின் கோட்டைக் குறுக்கே வெட்டிப் போயிற்று. பையன் பாகைமானியை வைத்துப் பார்த்தான். பத்தொன்பது பாகை.

காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மூலையை ஒட்டி அப்போதும் இப்போதும் நிற்பது இரும்பு அலமாரி. திசைகாட்டியின் முள் அதைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அதை அத்தாவிடம் யார் சொல்வது? நான் பையனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். அத்தா முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "நூல் ஆடலையே?" என்று கேட்டார். "இல்லை தாத்தா." எழுந்து வந்து எடைக்கல்லைத் தாமே விரலால் பிடித்து நிறுத்தி, விட்டு, மறுபடியும் நிழலைப் பார்த்தார். "முப்பத்தேழு வருஷம்" என்று மெல்லச் சொன்னார்.

கழிந்த தொழுகைகளைப் பற்றி ஹஜ்ரத்திடம் விளக்கம் கேட்டுக்கொண்டோம். அதை இங்கே சொல்வது என் தகுதிக்கு மேற்பட்டது.

அன்றைக்கு மக்ரிபுக்கு முன் அத்தா குனிந்து விரிப்பைச் சுருட்டினார். பையன் மறுமுனையைப் பிடித்தான். புதுக் கோட்டின்மேல் இருவருமாக அதை விரித்தார்கள். அலமாரியிலிருந்த மிளகாய் மூட்டைகளை நான் இறக்கி, அலமாரியை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினேன். அத்தா நூலைக் கழற்றி எடைக்கல்லோடு சுற்றி, பையன் கையில் கொடுத்தார்.

"பத்திரமா வச்சுக்க தம்பி. வர்ற மே மாசம் இன்னொரு தடவை பாத்துருவோம். ஒரு தடவை நிறுத்தது கணக்குல சேராது" என்றார்.